மலிவு விபிஎஸ் முரண்டு பிடிக்கிறதா? கோளாறு உங்களிடமா, மெய்நிகராக்க வகையிலா என்று பார்க்கும் வழி

மலிவு விலை விபிஎஸ்ஸை, அதாவது ஒரே பெரிய எந்திரத்தைப் பலருக்குப் பங்கிட்டுத் தரும் மெய்நிகர் தனிச் சர்வரை, பழுது பார்க்கச் சொல்லி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள்: "நேற்றுவரை ஓடியது, நான் ஒன்றையும் தொடவில்லை." நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வியும் மாறுவதில்லை: "எந்த வகை மெய்நிகராக்கம் (அந்தப் பங்கீட்டைச் செய்யும் முறை)?" பலருக்கு விடை தெரியாது. வாங்கும்போது நினைவகம், வட்டு, விலை மூன்றையும் பார்த்திருப்பார்கள். நான்காவது வரியில் சிறிய எழுத்தில் இருந்ததைப் பார்த்திருக்க மாட்டார்கள். சர்வருக்குள் எத்தனை அமைப்புக் கோப்புகளைத் திருத்தினாலும் தீராத சிக்கல்கள் சில உண்டு. அவற்றின் வேர் அந்த நான்காவது வரியில்தான் இருக்கிறது.

கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன் தரவின் பிரதி ஒன்றைச் சர்வருக்கு வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். அதே சர்வரின் இன்னொரு அடைவில் வைத்திருப்பதைப் பிரதி என்று நான் கணக்கில் எடுப்பதில்லை.

## முதல் வேலை: கையில் இருப்பது எது?

"சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்" என்ற கட்டளையை இயக்குங்கள். ஒரே சொல்லில் பதில் வரும். அது இல்லாத பழைய அமைப்பில் "விர்ட்-வாட்" என்ற சிறு கருவியை நிறுவிக்கொள்ளலாம்.

ஓப்பன்விஇசட் அல்லது எல்எக்ஸ்சி என்று வந்தால் உங்களிடம் இருப்பது கன்டெய்னர். கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) உங்களுடையதல்ல. தாய் எந்திரத்தின் (எல்லாச் சர்வர்களையும் தாங்கும் அசல் எந்திரத்தின்) ஒரே கெர்னலை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஒண்டுக்குடித்தனம் அது. கேவிஎம் என்று வந்தால் தனிக் கெர்னல், தனி வட்டு, தனி துவக்கம். ஸென் என்று வந்தாலும் கெர்னல் உங்களுடையதே. ஆனால் அதில் பாதி மெய்நிகராக்கம், முழு மெய்நிகராக்கம் என இரண்டு உண்டு. "எல்எஸ்சிபியு" கட்டளையின் வெளியீட்டில் எது என்று தெரியும்.

"கியூஎமு" என்று மட்டும் வந்தால் சற்று நிதானியுங்கள். செயலியின் வன்பொருள் உதவி இல்லாமல், மென்பொருளாலேயே முழு எந்திரத்தையும் போலி செய்து ஓட்டுகிறார்கள் என்று பெரும்பாலும் பொருள். அந்தச் சர்வரில் வேகக் குறைவுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சேவை நிறுவனத்துக்கு எழுதுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

## கோளாறு 1: நினைவகம் மிச்சம் இருக்கிறது, நிரல் மட்டும் செத்துப்போகிறது

அதிகம் வருவதும், அதிகமானோர் தவறாகப் படிப்பதும் இந்தக் கோளாறைத்தான்.

### கேவிஎம் அல்லது ஸென் என்றால்

"டிமெஸ்ஜி" கட்டளையின் வெளியீட்டில் "அவுட் ஆஃப் மெமரி" என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் கெர்னலே நினைவகம் போதாமல் ஒரு நிரலைக் கொன்றிருக்கிறது. பலியாவது பெரும்பாலும் தரவுத்தள நிரலான மைஎஸ்கியூஎல். கொழுத்தது அதுதான் என்பதால் அதன் தலையில் விடிகிறது. குற்றவாளி பெரும்பாலும் வேறு ஆள். வலைச் சர்வர் நிரலான அப்பாச்சியில் ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய பணியாளர்களின் உச்ச எண்ணிக்கை பொதுவாக 150 என்று வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் பிஎச்பியைச் சுமந்துகொண்டு 40 எம்பி எடுத்தால் 6,000 எம்பி வேண்டும். உங்களிடம் இருப்பது 1,024. ஒருநாள் கூட்டம் வந்தால் போதும். அந்த எண்ணைப் பத்துக்கோ பதினைந்துக்கோ குறையுங்கள். மைஎஸ்கியூஎல்லில் செயல்திறன் கண்காணிப்புத் திட்டத்தை அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் 1 ஜிபி ஸ்வாப் கோப்பு (நினைவகம் போதாதபோது உதவ வட்டில் ஒதுக்கும் இடம்). அதற்கும் பிறகுதான் கூடுதல் நினைவகத்துக்குப் பணம்.

"ஃப்ரீ -எம்" காட்டும் மொத்தம், வாங்கிய அளவைவிடச் சற்றே குறைவாக இருந்தால் கவலை வேண்டாம். கெர்னல் தனக்கென்று எடுத்துக்கொண்ட பங்கு அது. காலையில் 1,000, மாலையில் 700 என்று மொத்தமே மாறிக்கொண்டிருந்தால் கதை வேறு. விர்ட்ஐஓ பலூன் என்ற வசதி மூலம் தாய் எந்திரம் உங்கள் நினைவகத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. "எல்எஸ்மாட்" பட்டியலில் பலூன் என்ற பெயர் இருப்பது மட்டும் சான்றாகாது, பல சர்வர்களிலும் இருக்கும். மொத்தம் மாறுவதை நேரத்தோடு குறித்து வைத்தால் அதுதான் சான்று.

### ஓப்பன்விஇசட் என்றால்

ப்ராக் அடைவுக்குள் "யூசர்_பீன்கவுன்டர்ஸ்" என்ற கோப்பு இருக்கும். ரூட் பயனராக அதைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு வளம். இப்போது பிடித்திருப்பது, இதுவரை தொட்ட உச்சம், தடுப்பு, எல்லை, கடைசியாக மறுக்கப்பட்ட தடவைகள் என்று எண்கள் வரிசையாக நிற்கும். கடைசி எண்ணை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். எல்லாமே பூஜ்யமாக இருந்தால் கோளாறு உங்கள் நிரலில்.

ஒருமுறை நான் பார்த்த சர்வரில் "பிரிவ்விஎம்பேஜஸ்" வரி இப்படி இருந்தது: பிடித்திருப்பது 61204, உச்சம் 65531, தடுப்பு 65536, எல்லை 69632, மறுப்பு 1184. இந்த எண்கள் 4 கேபி பக்கங்களின் எண்ணிக்கை. 65536 என்றால் சரியாக 256 எம்பி. அந்த வரி எண்ணுவது பயன்படுத்திய நினைவகத்தை அல்ல, கேட்டு வாங்கி வைத்த நினைவகத்தை. "ஃப்ரீ" கட்டளை 90 எம்பி காலி என்று காட்டிக்கொண்டிருந்தது, 1184 கோரிக்கைகள் மறுக்கப்பட்டிருந்தன. கொலை நடக்காததால் பதிவேட்டிலும் தடயம் இல்லை. சர்வருக்குச் சொந்தக்காரர் இரண்டு வாரமாகத் தன் பிஎச்பி நிரலில் கசிவு தேடிக்கொண்டிருந்தார்.

அங்கே செய்தது எளிய வேலை. ஒவ்வொரு நூலிழைக்கும் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைக்கும்) லினக்ஸ் வழக்கமாக 8 எம்பி அடுக்கு நினைவகம் ஒதுக்கும். அதில் பெரும்பகுதி தொடப்படுவதே இல்லை. ஆனால் ஓப்பன்விஇசட் கணக்கில் முழுசாக ஏறிவிடும். சேவை தொடங்கும் இடத்தில் "யுலிமிட் -எஸ் 256" என்று ஒரு வரி சேர்த்ததும் மறுப்பு எண் நின்றுவிட்டது. நிரலைத் தொடாமலே தீர்ந்தது.

மறுப்பு எண்ணைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது கன்டெய்னர் நிறுத்தித் தொடங்கப்படும்வரை கூடிக்கொண்டே போகும் எண். பழைய மறுப்பா, புதியதா என்று அறிய, எண்ணைக் குறித்துக்கொண்டு கோளாறை வேண்டுமென்றே வரவழையுங்கள். எந்த வரியில் எண் ஏறுகிறதோ அதுதான் இடம். "நம்ப்ராக்" ஏறினால் செயல்முறைகளின் எண்ணிக்கை எல்லை. ஜாவா "புதிய நூலிழை உருவாக்க முடியவில்லை" என்று அழுவது பெரும்பாலும் இதனால்தான். "டிசிபிஎஸ்என்டிபஃப்" ஏறினால் வலைத் தொடர்புக்கான தாங்கிடம் போதவில்லை. இந்த இரண்டையும் நிறுவனம்தான் உயர்த்த முடியும்.

ஸ்வாப் கோப்பு சேர்க்கலாமே என்றால், கன்டெய்னருக்குள் "ஸ்வாப்ஆன்" அனுமதி மறுக்கும். விவாதமே இல்லை.

### எல்எக்ஸ்சி என்றால்

"ஃப்ரீ" காட்டும் மொத்தம் நம்ப முடியாத அளவுக்கு இருந்தால் (2 ஜிபி வாங்கியவருக்கு 64 ஜிபி என்று காட்டினால்) அது தாய் எந்திரத்தின் நினைவகம். உங்கள் எல்லை தனியாக இருக்கிறது, திரையில் தெரியவில்லை, அவ்வளவுதான். எந்திரத்தின் அளவைப் பார்த்துத் தானாகவே தன்னை அமைத்துக்கொள்ளும் நிரல்கள் இங்கேதான் தடுக்கி விழும். ஜாவாவுக்கும் தரவுத்தளத்துக்கும் நினைவக அளவைக் கையால் எழுதிக் கொடுங்கள்.

## கோளாறு 2: விபிஎன், டாக்கர், ஃபயர்வால் மூன்றில் ஒன்று தொடங்க மறுக்கிறது

### ஓப்பன்விபிஎன்

விபிஎன் (இணையத்தின் ஊடே போகும் பூட்டிய தனிப்பாதை) நிரல் இது. தொடங்காவிட்டால் "கேட் /டெவ்/நெட்/டன்" என்று இயக்குங்கள். "ஃபைல் டிஸ்கிரிப்டர் இன் பேட் ஸ்டேட்" என்று வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். பிழை போலத் தோன்றும் அந்த வாசகம்தான் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். கோளாறு உங்கள் விபிஎன் அமைப்புக் கோப்பில். கோப்பே இல்லை என்றோ அனுமதி இல்லை என்றோ வந்தால், கன்டெய்னரில் அந்த டன் வசதியை (விபிஎன்னுக்கான மெய்நிகர் வலை இணைப்பை) வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். பல நிறுவனங்களின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் சர்வர் ஒருமுறை மறுதொடக்கம் ஆகும். பொத்தான் இல்லாவிட்டால் ஒரு கடிதம்.

கேவிஎம்மில் இதே பிழை வந்தால் காரணம் வேறு. கெர்னலைப் புதுப்பித்துவிட்டு மறுதொடக்கம் செய்யாமல் இருந்திருப்பீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் ஒன்று, வட்டில் இருக்கும் தொகுதிகள் (கெர்னலில் சேரும் துணைத் துண்டுகள்) வேறொன்றுக்கு. மறுதொடக்கம் செய்தால் தீரும்.

### வயர்கார்டு

இதுவும் ஒரு விபிஎன்தான். 2020 மார்ச்சில் 5.6 பதிப்பில்தான் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. ஓப்பன்விஇசட் 7 ஓடுவது 3.10 அடிப்படையிலான கெர்னலில், ஓப்பன்விஇசட் 6 ஓடியது 2.6.32-இல். கன்டெய்னருக்குள் தொகுதி ஏற்றவும் உரிமை இல்லை. "மாட்ப்ரோப்" கட்டளையோடு மல்லுக்கட்டுவது வீண். டன் வசதி கிடைத்தால் கோ மொழியில் எழுதப்பட்ட, பயனர் வெளியில் இயங்கும் வயர்கார்டைப் பயன்படுத்தலாம். வேகம் குறையும், ஆனால் ஓடும். 4.9 பதிப்பில் வந்த பிபிஆர் என்ற வலை நெரிசல் கட்டுப்பாட்டைக் கன்டெய்னரில் இயக்க முயல்கிறவர்களுக்கும் விடை இதேதான்: கெர்னல் யாருடையதோ, முடிவும் அவர்களுடையது.

### டாக்கர்

நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி இது. இன்றைய டாக்கர் ஓப்பன்விஇசட் 6-இல் நடக்காது. 7-இல் தாய் எந்திரத்தில் அனுமதித்திருந்தால் நடக்கும். எல்எக்ஸ்சியில் "நெஸ்டிங்" (கன்டெய்னருக்குள் கன்டெய்னர்) என்ற அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் எதாவது உடைவதை நான் பார்த்திருக்கிறேன். டாக்கர்தான் உங்கள் வேலை என்றால் கேவிஎம்முக்குப் போய்விடுங்கள். இந்த ஒன்றில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

### ஐபிடேபிள்ஸ்

இது லினக்ஸின் ஃபயர்வால் கருவி. "நாட்" (முகவரி மாற்ற) அட்டவணை இல்லை என்று புலம்பினால் கேவிஎம்மில் தொகுதியை ஏற்றுங்கள். ஓப்பன்விஇசட்டில் தேவையான தொகுதிகளின் பெயர்களை எழுதி நிறுவனத்திடம் கேளுங்கள். "ஃபயர்வால் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் "உங்கள் பொறுப்பு" என்று பதில் வரும்.

## கோளாறு 3: புதுப்பித்த பிறகு எந்தக் கட்டளையும் ஓடவில்லை

திரையில் "ஃபேட்டல்: கெர்னல் டூ ஓல்ட்" என்று வருகிறது. அடைவைப் பட்டியலிடும் கட்டளைகூட ஓடாது.

ஓப்பன்விஇசட் 6 கன்டெய்னருக்குள் இருந்துகொண்டு உபுண்டு 18.04-க்கோ அதற்கு மேலோ தாவியிருக்கிறீர்கள். அதில் உள்ள ஜிலிப்சி நூலகம் (பெரும்பாலான கட்டளைகள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம்) 2.27. அந்த நூலகம் 2.26 பதிப்பிலிருந்தே 3.2-க்குக் கீழான கெர்னலை ஏற்பதில்லை. தாய் எந்திரத்தில் இருப்பதோ 2.6.32. உள்ளேயிருந்து மீள வழி கிடையாது. புதிதாக எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து முனையம் திறக்கும்) நுழைவும் கிடைக்காது. இப்போது திறந்திருக்கும் இணைப்பை மூடிவிடாதீர்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பழைய நூலகத்தோடு சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். வலைச் சர்வர் உயிரோடு இருந்தால் அதன் வழியே கோப்புகளை இறக்கிக்கொள்ளப் பாருங்கள்.

அடுத்தது நிறுவனம். தாய் எந்திரத்திலிருந்து உங்கள் கோப்புகளை அவர்கள் நேரடியாகவே படிக்க முடியும், கன்டெய்னரின் இயல்பே அது. தரவைச் சுருட்டிக் கொடுக்கச் சொல்லி, புதிய வகைச் சர்வருக்கு மாறிவிடுங்கள். ஓப்பன்விஇசட் 6-க்கான ஆதரவு 2019 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. இன்னும் அதையே விற்கிறவரிடம் சர்வரைச் சரிசெய்து கேட்பதைவிட தரவை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்புவது மேல்.

இன்னும் புதுப்பிக்கவில்லை என்றால் முதலில் "யுனேம் -ஆர்" பாருங்கள். அதிலும் ஒரு சிறு ஏமாற்று உண்டு. கன்டெய்னருக்கு வேறு பதிப்பு எண்ணைக் காட்டும்படி தாய் எந்திரத்தில் அமைக்க முடியும். சந்தேகம் வந்தால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

## கோளாறு 4: சில நேரங்களில் மட்டும் ஆமை வேகம்

"டாப்" கட்டளையின் மேல்பகுதியில் செயலி வரி இருக்கும். அதன் கடைசி எண் "எஸ்டி". உங்களுக்கு வர வேண்டிய செயலி நேரத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்ட விகிதம் அது. "விஎம்ஸ்டாட் 1" போட்டு ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் தெளிவாகத் தெரியும். அவ்வப்போது 2, 3 என்று எட்டிப் பார்ப்பது மலிவுச் சர்வரில் சகஜம். மணிக்கணக்கில் 10-க்கு மேல் நின்றால் நான் கடிதம் எழுதுவேன்.

"எஸ்டி" சாதுவாக இருந்து "டபிள்யூஏ" (வட்டுக்காகக் காத்திருந்த விகிதம்) ஏறியிருந்தால் வட்டு. உங்கள் நிரலே வட்டைக் குடைகிறதா என்று "ஐயோடாப்" கருவியில் பாருங்கள். ஸ்வாப்பில் மூழ்கிக் கிடந்தாலும் இப்படித்தான் தெரியும். அப்போது கோளாறு 1-க்குத் திரும்புங்கள். இரண்டும் இல்லை என்றால் 1 ஜிபி கோப்பு ஒன்றை "டிடி" கட்டளையால் எழுதிப் பாருங்கள். "கான்வ்=எஃப்டேட்டாசிங்க்" என்ற பகுதியைச் சேர்க்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் அளக்கப்படுவது வட்டின் வேகம் அல்ல, நினைவகத்தின் வேகம். காலை, மாலை, நள்ளிரவு என்று மூன்று முறை போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டினால் மற்றவர்களுக்குத் தொல்லை கொடுக்கும் அண்டைவீட்டுக்காரர் நீங்கள்தான்.

கேவிஎம்மில் எந்நேரமும் மந்தமாகவே இருந்தால் போலிச் சாதனங்களைச் சந்தேகியுங்கள். "எல்எஸ்பிசிஐ" பட்டியலில் விர்ட்ஐஓ (மெய்நிகர் எந்திரத்துக்கென்றே அமைந்த வேகமான சாதன வகை) என்ற பெயர் வட்டுக்கும் வலை அட்டைக்கும் வர வேண்டும். "எத்டூல் -ஐ" காட்டும் இயக்கி "8139" என்று தொடங்கினால் இருபது வருடத்துக்கும் மேல் பழைய 100 எம்பிபிஎஸ் அட்டையை நடித்துக் காட்டுகிறார்கள். பலகத்தில் விர்ட்ஐஓவுக்கு மாற்றலாம். மாற்றுவதற்கு முன் "எஃப்எஸ்டேப்" கோப்பில் (துவக்கத்தில் ஏற்ற வேண்டிய வட்டுகளின் பட்டியலில்) வட்டுகள் யுயுஐடி (மாறாத அடையாள எண்) மூலம் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். "எஸ்டிஏ" என்று எழுதியிருந்தால், மாற்றியதும் வட்டின் பெயர் "விடிஏ" ஆகிவிடும், சர்வர் எழாது. விண்டோஸ் என்றால் விர்ட்ஐஓ இயக்கியை முதலில் நிறுவிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

கன்டெய்னரில் "எஸ்டி" எண் எதையும் சொல்லாது. அங்கே வேறு வழி: ஒரு ஜிபி பூஜ்யங்களை "ஷா256சம்" வழியே அனுப்பி, முன்னால் "டைம்" போடுங்கள். செலவான கடிகார நேரம், செயலி நேரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால் நீங்கள் வரிசையில் காத்திருந்திருக்கிறீர்கள்.

## கோளாறு 5: வட்டில் இடம் இருந்தும் "இடம் இல்லை"

"டிஎஃப் -ஐ" போடுங்கள். கோப்புகளின் எண்ணிக்கை எல்லையைத் தொட்டிருக்கும். பிஎச்பி அமர்வுக் கோப்புகள், அனுப்பப்படாத அஞ்சல்கள் இரண்டையும் துடைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கன்டெய்னரில் மட்டும் அந்த எல்லையை உயர்த்தித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டியும் இடம் கூடவில்லை என்றால் அது கேவிஎம், ஸென் இரண்டுக்கும் உரிய கோளாறு. வட்டு வளர்ந்துவிட்டது, உள்ளே பகுதி வளரவில்லை. "குரோபார்ட்", பிறகு "ரிசைஸ்2எஃப்எஸ்" (எக்ஸ்எஃப்எஸ் என்றால் "எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ்").

## கோளாறு 6: மறுதொடக்கம் செய்தேன், திரும்பி வரவில்லை

கன்டெய்னர் என்றால் பலகத்தில் "தொடங்கு" பொத்தானை அழுத்துங்கள், எழாவிட்டால் நிறுவனம். உங்கள் கையில் வேறொன்றும் இல்லை.

கேவிஎம் என்றால் பலகத்தின் விஎன்சி திரையை (சர்வரின் திரையைத் தொலைவிலிருந்து காட்டுவதை) திறந்து அது என்ன சொல்கிறது என்று படியுங்கள். நுழைவுக் கேள்வி நின்றிருந்தால் சர்வர் உயிரோடு இருக்கிறது, வலைதான் இல்லை. வலை அட்டையின் பெயர் மாறியதா, ஃபயர்வால் உங்களையே வெளியே பூட்டிவிட்டதா என்று பாருங்கள். "எமர்ஜென்சி மோட்" என்று நின்றிருந்தால் எஃப்எஸ்டேப்பில் கடைசியாகச் சேர்த்த வரி. கெர்னல் பீதி (கெர்னலே மீளாமல் நின்றுவிடுவது) என்றால் கிரப் என்ற துவக்கப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பூட் பகுதி நிரம்பிப்போய் புதிய கெர்னல் அரைகுறையாக எழுதப்பட்டிருக்கலாம். மீட்பு ஐஎஸ்ஓ மூலம் துவக்கி வட்டை ஏற்றிச் சரிசெய்யலாம்.

வட்டைச் சோதித்துத் திருத்தும் "எஃப்எஸ்சிகே" நூற்றுக்கணக்கான பிழைகளை அள்ளிக் கொட்டத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். எல்லாவற்றுக்கும் "ஆம்" சொல்லிக்கொண்டே போவது மீட்கக்கூடிய தரவையும் அழிக்கும். வட்டின் முழுப் படிமத்தை எடுத்துத் தரச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதுங்கள். பிரதி இல்லாத தரவு என்றால் தரவு மீட்பு தெரிந்தவரை அழைக்கும் நேரம் இது.

## கோளாறு 7: கடிகாரம் தவறு

கேவிஎம்மில் குரோனி என்ற நேரம் திருத்தும் நிரலை நிறுவுங்கள். கன்டெய்னரில் நேரத்தை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை, தாய் எந்திரத்தின் கடிகாரத்தைத் திருத்தச் சொல்லுங்கள்.

## நிறுவனத்துக்கு எழுதும்போது

"சர்வர் மெதுவாக இருக்கிறது" என்ற கடிதத்துக்கு "மறுதொடக்கம் செய்து பாருங்கள்" என்றுதான் பதில் வரும். நான் எழுதுவது இப்படி இருக்கும்: "கேவிஎம், கெர்னல் 5.10. நேற்று 19:00 முதல் 22:30 வரை எஸ்டி மதிப்பு 18-க்கும் 35-க்கும் இடையில் இருந்தது, விஎம்ஸ்டாட் வெளியீடு இணைப்பில். அந்நேரத்தில் எங்கள் செயலிப் பயன்பாடு 20 விழுக்காட்டைத் தாண்டவில்லை. வேறு தாய் எந்திரத்துக்கு மாற்ற முடியுமா?" கடைசிக் கேள்வியை விடாதீர்கள். வேறு எந்திரத்துக்கு மாற்றுவது அவர்களுக்கு அரை மணி வேலை, காரணம் தேடுவது அதைவிடப் பெரிய வேலை.

## மாறுவது என்று முடிவானால்

ஒரு நிலைத்த வலைத்தளம், துணை டிஎன்எஸ் சர்வர், கண்காணிப்பு நிரல்: இவற்றுக்கு 128 அல்லது 256 எம்பி கன்டெய்னர் இன்றும் போதும். அந்த அளவில் கேவிஎம் வாங்கினால் கெர்னலே கணிசமாகத் தின்றுவிடும், புதிய லினக்ஸ் வழங்கல்களின் நிறுவியே ஓடாமல் நிற்கும். விபிஎன், டாக்கர், சொந்தக் கெர்னல், குறியாக்கம் செய்த வட்டு, விண்டோஸ், ஃப்ரீபிஎஸ்டி என்று ஏதாவது ஒன்று வேண்டுமென்றால் கேவிஎம் அல்லது முழு மெய்நிகராக்க ஸென். சர்வருக்குள் இன்னொரு மெய்நிகர் எந்திரம் ஓட்டுவதாக இருந்தால், செயலித் தகவலில் "விஎம்எக்ஸ்" அல்லது "எஸ்விஎம்" கொடி தெரியுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

கேவிஎம் என்றாலே கூட்டம் அடைக்க மாட்டார்கள் என்ற பேச்சை நம்ப வேண்டாம். செயலியை எல்லோரும் அடைக்கிறார்கள், நினைவகத்துக்கும் பலூன் இருக்கிறது, ஒரே மாதிரிப் பக்கங்களை ஒன்றாக்கும் கேஎஸ்எம் இருக்கிறது. ஆகவே முதல் மாதம் மட்டும் பணம் கட்டுங்கள். ஆண்டுச் சந்தா தள்ளுபடி எவ்வளவு இனித்தாலும், ஒரு வாரம் விஎம்ஸ்டாட் பதிவை வைத்திருந்து பார்த்த பிறகு அதைத் தொடுங்கள்.